விறைப்பில் இல்லை வேகம்

மாற்றியமைக்கக்கூடிய சஸ்பென்ஷனை வாங்கிக் காரில் பொருத்துகிறவர்களில் பலர் முதல் நாளே இரண்டு காரியங்களைச் செய்துவிடுகிறார்கள். காரை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துகிறார்கள்; ஷாக் அப்சார்பரின் குமிழை எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்குகிறார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் ரேஸ் கார்கள் தரையை ஒட்டியும் விறைத்தும் ஓடுவதால், வேகத்துக்கு அதுதான் வழி என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பந்தயத் தடத்தில் இறங்கியதும் கணக்கு மாறுகிறது. ஓட்டுகிறவருக்குக் கார் முன்பைவிடச் சுறுசுறுப்பாகத் தோன்றும். ஸ்டாப்வாட்ச் வேறு சொல்லும். வளைவில் முன்சக்கரம் வழுக்கும், மேடு பள்ளத்தில் கார் துள்ளும், லேப் நேரம் குறைவதற்குப் பதில் கூடவும் செய்யும். காரணம் எளிது. காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் டயர்கள் தரையைத் தொடும், உள்ளங்கை அளவேயான நான்கு இடங்கள்தான். அந்த நான்கையும் முடிந்தவரை சமமாகவும் விடாமலும் தரையோடு அழுத்தி வைப்பதே சஸ்பென்ஷனின் வேலை. அந்த வேலைக்கு உதவும் அளவுவரை விறைப்பு நல்லது. அதைத் தாண்டினால் கெடுதல். தடத்துக்காகச் சஸ்பென்ஷனை அமைக்கும் கலை முழுவதும் இந்த எல்லையை அளந்து கண்டுபிடிப்பதில் அடங்கியிருக்கிறது.

முதலில் எதையெல்லாம் மாற்ற முடியும் என்று பார்ப்போம். காயிலோவர் என்று கார்ப் பிரியர்கள் சொல்லும் அமைப்பில் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும். அதன் உடலில் உள்ள மரையில் வளையத்தைத் திருகினால் காரின் உயரம் மாறும். மேலேயோ கீழேயோ உள்ள குமிழைக் 'கிளிக்' கணக்கில் திருப்பினால் ஷாக் அப்சார்பரின் உள்ளே எண்ணெய் செல்லும் வழி குறுகும் அல்லது விரியும். அதனால் சக்கரம் ஏறி இறங்கும் வேகத்துக்கு எழும் எதிர்ப்பு மாறும். ஸ்பிரிங்கைக் கழற்றி வேறு கடினமுள்ளதைப் போடலாம். இடது வலது சக்கரங்களை இணைத்து உடல் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரின் விறைப்பையும் சில கார்களில் மாற்றலாம். முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்நோக்கிச் சாயும் கோணமான கேம்பர், மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் திரும்பியிருக்கும் அளவான டோ, இவை வீல் அலைன்மென்ட்டில் வருபவை. இத்தனை திருகுகளும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வேலை செய்கின்றன: ஒவ்வொரு டயரின் மீதும் எந்த நொடியில் எத்தனை கிலோ பாரம் இருக்கிறது, அந்தப் பாரம் டயரின் அகலம் முழுக்கப் பரவியிருக்கிறதா என்பதில்.

ஒரு சிறு கணக்கு போட்டால் இது தெளிவாகும். 1,200 கிலோ எடையுள்ள காரின் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். தன் எடைக்குச் சமமான பக்க விசையோடு, அதாவது 1 ஜி அளவில், அது வளைவில் திரும்புகிறது. உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் பாரம், 1,200ஐ 0.5ஆல் பெருக்கி 1.5ஆல் வகுத்தால் 400 கிலோ. நேராகப் போகும்போது பக்கத்துக்கு 600 கிலோவாக இருந்த பாரம், வளைவில் வெளிப்பக்கம் 1,000, உள்பக்கம் 200 என்று ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கில் ஸ்பிரிங்கின் கடினம் எங்குமே வரவில்லை. உடல் சாயும்போது எடை மையம் வெளிப்புறமாகச் சற்று நகர்வது உண்மைதான். ஆனால் அதன் பங்கு சிறியது. எவ்வளவு கடினமான ஸ்பிரிங் போட்டாலும் அந்த 400 கிலோ மாறியே தீரும். அதைக் குறைக்க எடை மையத்தைத் தாழ்த்த வேண்டும், இல்லையென்றால் சக்கரங்களை அகலமாக வைக்க வேண்டும், அல்லது காரின் எடையைக் குறைக்க வேண்டும். 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் 400 என்பது 376 ஆகும். லாபம்தான், ஆனால் பலர் நினைக்கும் அளவு பெரிய லாபம் இல்லை.

அப்படியானால் ஸ்பிரிங்கும் ஆன்டி ரோல் பாரும் எதை மாற்றுகின்றன? அந்த 400 கிலோவில் முன்சக்கர ஜோடி எவ்வளவு ஏற்கிறது, பின்சக்கர ஜோடி எவ்வளவு ஏற்கிறது என்ற பங்கீட்டை மாற்றுகின்றன. இங்கேதான் டயரின் ஓர் இயல்பு முக்கியமாகிறது. பாரம் கூடக்கூட டயரின் பிடிமானம் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. உதாரணத்துக்கு 300 கிலோ பாரத்தில் ஒரு டயர் 360 கிலோ பக்க விசை தருகிறது என்றால், ஜோடி சேர்ந்து 720 தரும். வளைவில் ஒன்றின் மீது 500, மற்றதன் மீது 100 என்று பாரம் பிரிந்தால், முதலாவது 525, இரண்டாவது 135 என்று மொத்தம் 660தான் கிடைக்கும். மொத்தப் பாரம் மாறாமலேயே 60 கிலோ பிடிமானம் போய்விட்டது. எந்த ஜோடி அதிகப் பார மாற்றத்தை ஏற்கிறதோ அந்த ஜோடி சீக்கிரம் வழுக்கும். முன்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால் முன்சக்கரங்கள் முதலில் வழுக்கி, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே இழுத்துக்கொண்டு போகும், இது அண்டர்ஸ்டீர். பின்பக்கத்தை விறைப்பாக்கினால் பின்பகுதி வெளியே தள்ளும், இது ஓவர்ஸ்டீர். ஆகவே தடத்தில் ஸ்பிரிங்கையும் பாரையும் மாற்றுவது காரின் சமநிலையைத் தேடும் முயற்சி. நான்கு மூலையையும் ஒரே அளவில் கடினமாக்கினால் இந்தப் பங்கீடு பெரிதாக மாறுவதில்லை, சவாரிதான் கெடுகிறது.

சவாரி கெடுவது ஓட்டுகிறவரின் முதுகுக்கு மட்டும் வரும் கஷ்டம் என்று எண்ணினால் அது தவறு. தடம் என்பது கண்ணாடி வழவழப்பு அல்ல. வளைவின் உட்புறத்தில் கர்ப் எனும் விளிம்புக் கட்டைகள் உண்டு, பிரேக் பிடிக்கும் இடங்களில் தார் அலை அலையாகப் புடைத்திருக்கும். அவற்றின் மீது ஏறும்போது விறைத்த சக்கரம் பள்ளத்தைத் தொடராமல் காரையே தூக்கும். டயரின் மீதுள்ள பாரம் ஒரு கணம் எகிறும், மறுகணம் வற்றும். மேலே சொன்ன இயல்பால் எகிறும்போது கிடைப்பதைவிட வற்றும்போது இழப்பது அதிகம். இதற்கு ஃபார்முலா 1 வரலாற்றில் நல்ல சான்று இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் கடைசியில் ரெனோ அணி தன் காரின் மூக்குப் பகுதியில் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே மிதக்கும் ஓர் எடையைப் பொருத்தியது. கார் துள்ள முயலும்போது அந்த எடை எதிர்த் திசையில் ஆடித் துள்ளலை அடக்கியது. இன்ஜின் சக்தி கூடவில்லை, டயர் மாறவில்லை. டயரின் மீதான பாரம் ஏறி இறங்குவது குறைந்தது, அவ்வளவுதான். அது விவகாரமாக வளர்ந்து, 2006ஆம் ஆண்டின் நடுவில் அந்தச் சாதனம் தடைசெய்யப்பட்டது. டயரைத் தரையில் அமைதியாக வைத்திருப்பதுதான் வேகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

உடனே ஒரு கேள்வி வரும்: அப்படியென்றால் ஃபார்முலா 1 கார்கள் ஏன் அவ்வளவு விறைப்பாக இருக்கின்றன? பதில் காற்றில் இருக்கிறது. 1978இல் மரியோ ஆன்ட்ரெட்டியைச் சாம்பியனாக்கிய லோட்டஸ் 79, காரின் அடிப்பகுதி வழியே ஓடும் காற்றைக்கொண்டு காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடித்தது. அப்படி உறிஞ்ச வேண்டுமானால் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருக்க வேண்டும். அதனால் ஸ்பிரிங்குகள் கடினமாயின. 1981இல் இடைவெளி குறைந்தது 6 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று விதி வந்தபோது, பிராபம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மரே, நிற்கும்போது விதிப்படி உயர்ந்தும் வேகத்தில் காற்றழுத்தத்தால் தாழ்ந்தும் போகும் சஸ்பென்ஷனைச் செய்தார். 1992இல் நைஜல் மான்செல் ஓட்டிய வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி, கணினியும் ஹைட்ராலிக்கும் சேர்ந்து உயரத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்டிவ் சஸ்பென்ஷனால் 16 பந்தயங்களில் ஒன்பதை அவருக்கு வென்று தந்தது. 1994 முதல் அதற்குத் தடை. 2022இல் அடிப்பகுதிக் காற்றை நம்பும் கார்கள் திரும்பி வந்தபோது, நேர்ச் சாலையில் அவை மேலும் கீழும் குதித்து ஓட்டுநர்களை வாட்டியதை எல்லோரும் பார்த்தோம். இந்தக் கார்களின் விறைப்பு காற்றுக்குக் கட்டும் விலை. டயர் கொஞ்சம் பிடிமானத்தை இழந்தாலும், அதைப்போல் பல மடங்கு காற்றழுத்தம் திருப்பித் தருகிறது. வீட்டு வாசலில் நிற்கும் ஹேட்ச்பேக்கிலோ செடானிலோ அப்படித் திருப்பித் தர எதுவும் இல்லை. விலையை மட்டும் கட்டிவிட்டுப் பொருள் வாங்காமல் வருவதில் அர்த்தம் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. கார் அதிகம் சாய்ந்தால் டயரும் சாயும். பாரம் டயரின் வெளி விளிம்பில் குவியும். அப்போது பிடிமானம் குறையத்தானே செய்யும்? ஆம், குறையும். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. உடல் சாயும்போது அதில் சக்கரமும் பெருமளவு கூடவே சாய்ந்துவிடும். அதனால் தடத்தில் ஓடும் காருக்குத் தொழிற்சாலை ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம் கடினமானது தேவை, சக்கரத்தை முன்கூட்டியே இரண்டு மூன்று டிகிரி உள்நோக்கிச் சாய்த்து வைப்பதும் தேவை. சாலைக்கார்களின் உடல் இயல்பாக ஆடும் அதிர்வெண் ஏறத்தாழ 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ், காற்றழுத்தம் இல்லாத தடக் கார்களுக்கு 2 ஹெர்ட்ஸை ஒட்டி அமைப்பது வழக்கம், காற்றழுத்தம் மிகுந்த ரேஸ் கார்களில் அது 4, 5 என்று போகும். நமக்கு வேண்டியது அந்த நடு இடம். இதே ஸ்ட்ரட் அமைப்பில் அளவுக்கு மீறித் தாழ்த்துவது எதிர்விளைவு தரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழே உள்ள கன்ட்ரோல் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் நடுவிலான தூரம் கூடுவதால், தாழ்த்திய கார் முன்பைவிட அதிகமாகச் சாயத் துடிக்கும். அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங், அதனால் இன்னும் துள்ளல் என்று தவறு தவறைப் பெற்றுக்கொண்டே போகும்.

இதை ஒரு காரிலும் ஒரு தடத்திலும் வைத்துப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட தடத்தின் நீளம் 3.717 கிலோமீட்டர். ஃபோக்ஸ்வாகன் போலோ போன்ற முன்சக்கர இயக்கக் கார்களின் பந்தயங்களும் அங்கே நடந்திருக்கின்றன. இந்த வகைக் காரில் இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால். இழுப்பதும் திருப்புவதும் பெருமளவு பிரேக் பிடிப்பதும் முன்சக்கரங்களே. ஆகவே அதன் பிறவிக் குணம் அண்டர்ஸ்டீர். முன்பக்கத்தை இறுக்கினால் அது மோசமாகும். பின்பக்க ஸ்பிரிங்கையோ பாரையோ விறைப்பாக்கினால், பார மாற்றத்தில் பின்ஜோடி அதிகம் ஏற்கும், முன்ஜோடிக்குச் சுமை குறையும், கார் மனம்வைத்துத் திரும்பும். வளைவின் நடுவே இந்தக் கார்கள் உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் போவது இதனால்தான். அதற்கும் ஒரு முடிவு உண்டு. சக்கரம் காற்றில் எழுந்தபின் பின்ஜோடி மாற்றித் தர இனிப் பாரமே இல்லை. அதற்கு மேல் பின்பக்கத்தை இறுக்கி எந்தப் பயனும் வராது. அதோடு மழை பெய்தாலோ வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டாலோ அப்படி அமைத்த கார் பின்பக்கம் சுழன்றுவிடும். எனவே சிறு அளவில் ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்து, போதும் என்ற இடத்தில் நிறுத்துவதே முறை.

எந்த இடம் போதுமான இடம் என்பதை டயரே சொல்லும். பிட்டுக்குள் வந்து நின்றவுடன், ஊசி முனையுள்ள வெப்பமானியை ரப்பருக்குள் செலுத்தி, ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மேற்பரப்பை மட்டும் பார்க்கும் கருவிகள் ஏமாற்றும்; மேல்தோல் வெகு சீக்கிரம் ஆறிவிடும். வெளிவிளிம்பு அதிகச் சூடு என்றால் உள்சாய்வு போதவில்லை. நடுப்பகுதி அதிகச் சூடு என்றால் காற்று அதிகம். இரண்டு விளிம்பும் சுட்டு நடு ஆறியிருந்தால் காற்று குறைவு. நம் வெயிலில் இந்தக் காற்றழுத்தம் தனிக் கவனம் கேட்கிறது. காலையில் 30 டிகிரியில் 28 பிஎஸ்ஐ அடைத்த டயரின் உள்ளே காற்று 70 டிகிரி ஆனால், அழுத்தம் ஏறத்தாழ 33 அல்லது 34 ஆகிவிடும். அதனால் குளிர்ந்த நிலையில் என்ன அடைத்தோம் என்பதைவிட, ஓடி வந்தபின் என்ன இருக்கிறது என்பதே கணக்கு. ஒரு காசு செலவில்லாத இந்தத் திருத்தம் பல நேரம் ஷாக் அப்சார்பரின் எல்லாக் கிளிக்குகளையும்விட அதிகப் பலன் தருகிறது.

இதிலிருந்தே வேலையின் வரிசையும் கிடைத்துவிடுகிறது. முதலில் டயர் காற்றழுத்தம், அடுத்து உயரம். உயரத்தை மாற்றியதும் நான்கு மூலைகளின் எடையையும் தராசுகளில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காலுக்கு அடியில் அட்டை செருகிய நாற்காலி போல, ஒரு மூலையை மட்டும் உயர்த்தினால் அந்த மூலையும் அதற்குக் குறுக்கெதிர் மூலையும் அதிக எடையைச் சுமக்கும், கார் இடப்பக்கம் ஒரு விதமாகவும் வலப்பக்கம் வேறு விதமாகவும் திரும்பும். அதன் பிறகு கேம்பரும் டோவும், அடுத்து ஸ்பிரிங்கும் பாரும். ஷாக் அப்சார்பர் கடைசி. வளைவின் நடுவே கார் நிலையாகத் திரும்பும் நேரத்தில் அதற்குப் பெரிய பங்கு இல்லை. பிரேக் மிதிக்கும்போதும் வளைவுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் பாரம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை அது தீர்மானிக்கிறது. அதன் ரீபவுண்டை, அதாவது சுருங்கிய ஸ்பிரிங் நீளும்போது காட்டும் எதிர்ப்பை, அதிகம் இறுக்கினால் ஒரு மேட்டில் சுருங்கிய சக்கரம் கீழே இறங்கி முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அடுத்தடுத்து வரும் மேடுகளில் கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் ஸ்பிரிங்குக்கு அசைய இடமில்லாமல் போகும். கடினமான ஸ்பிரிங் போட்டதுபோல் தோன்றும் அந்தக் காரில் குறைபாடு ஸ்பிரிங்கில் இருக்காது, குமிழில் இருக்கும்.

இத்தனை பாடு எதற்கு, இதே காரில் வெற்றி பெற்ற ஒருவரின் அளவுகளை அப்படியே வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே மாடல், ஒரே டயர், ஒரே தடம் என்றால் அது நல்ல தொடக்கப் புள்ளிதான். கார் மாறினால் எண்களின் பொருளே மாறிவிடும். சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர் மட்டும் சுருங்கும் அமைப்பில், சக்கரம் உணரும் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பில் 0.7ஐ 0.7ஆல் பெருக்கிய அளவு, கிட்டத்தட்ட பாதிதான். ஒரு காரில் மென்மையான அதே ஸ்பிரிங் இன்னொன்றில் இரண்டு மடங்கு கடினமாக வேலை செய்யும். தடம் மாறினாலும் அப்படித்தான். ஜெர்மனியில் மலைக்காட்டுக்குள் 20.8 கிலோமீட்டர் ஓடும் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபெ தடத்தில் கார்கள் மேடுகளில் பறந்து பள்ளங்களில் அமுங்கும். சமதளத் தடத்துக்கு இறுக்கிய கார் அங்கே சக்கரத்தைத் தரையில் வைக்கவே திணறும். இன்னும் சிலர், மின்னணு ஷாக் அப்சார்பர்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாதா என்கிறார்கள். 2002இல் காடிலாக் காரில் வந்த காந்தத் திரவ வகை முதல் இன்றைய அமைப்புகள் வரை, அவை நொடியின் சிறு பகுதிக்குள் எதிர்ப்பை மாற்றுகின்றன. சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான காருக்கு அது பெரிய வரம். ஆனால் டயர் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், அதில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும், முன்னும் பின்னும் பாரம் எப்படிப் பிரிய வேண்டும் என்பவற்றை அவற்றால் மட்டும் தீர்க்க முடியாது.

மிகக் கனமான ஆட்சேபம் ஓட்டுகிறவரைப் பற்றியது. பொழுதுபோக்காகத் தடத்துக்கு வருபவரின் லேப் நேரங்களே ஒன்றுக்கொன்று ஒரு வினாடி வேறுபடும்போது, சஸ்பென்ஷனில் கிடைக்கும் கால் வினாடியை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கேள்வி நியாயமானது; அதனால்தான் முறை தேவைப்படுகிறது. தொடக்க நிலையைத் தாளில் எழுதி வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பல லேப் ஓட்டி, பிறகு பழைய நிலைக்கே திருப்பி மறுபடியும் ஓட்டிப் பார்த்தால், தடம் சூடாகியதால் வந்த மாற்றமா, கை பழகியதால் வந்த மாற்றமா, திருகால் வந்த மாற்றமா என்பது பிரிந்து தெரியும். நேரத்தில் தெரியாத வேறுபாடும் டயர் வெப்பத்தில் தெரியும், ரப்பர் தேய்ந்த விதத்தில் தெரியும். இப்படிச் செய்பவர் காரோடு சேர்ந்து தானும் தேறுகிறார். எந்த வளைவில், எந்தக் கட்டத்தில் கார் வழுக்கியது என்று சொல்லத் தெரிந்தவருக்கே எந்தத் திருகைத் தொடுவது என்றும் தெரியும். ஒரே நாளில் எல்லாக் குமிழ்களையும் திருப்பியவர் கார் வேகமானாலும் ஏன் என்று அறியார், மெதுவானாலும் எங்கே என்று அறியார்.

தடத்துக்கு அமைத்த காரை அப்படியே நெடுஞ்சாலையில் ஓட்டலாகாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வேகத்தடையும் குழியும் மழைநீரும் உள்ள சாலையில் சஸ்பென்ஷன் நீண்டு சுருங்க இடம் வேண்டும். உற்பத்தியாளரின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்பாடும் விதிக்கிறது. மாற்றியமைக்கக்கூடிய சஸ்பென்ஷனின் உண்மையான மதிப்பு இந்த இடத்தில் விளங்குகிறது. கடினமாக்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் கடினமான ஸ்பிரிங் ஒரு செட் போதும், செலவும் குறைவு. கூடுதல் பணம் கொடுத்து வாங்குவது இரண்டு திசையிலும் நகரும் வசதியை. தடம் கரடுமுரடானால் தளர்த்தவும், டயர் மாறினால் கோணத்தைத் திருத்தவும், மழை வந்தால் பின்பக்கத்தை மென்மையாக்கவும் அது இடம் தருகிறது. ஒரு கிளிக் தளர்த்தியதால் கார் வேகமாகும் நாள் தடத்தில் இறங்கும் எவருக்கும் வரும். அன்று அதை நம்பி ஏற்றுக்கொள்ளக் கையில் வெப்பமானியும் எழுதிய தாளும் இருக்க வேண்டும்.